நகராத முள்

மேல்கழனியின் நடுச்சேற்றில் டிராக்டர் நின்றுபோனது. ஸ்டார்ட்டரை அழுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாட்டரி மறுபடியும் காலி. மண் ரோட்டில் நின்றிருந்தால் நாலு பேர் தள்ளி, கியரில் போட்டு எழுப்பிவிடலாம். முழங்கால் சேற்றில் யார் தள்ளுவது?

வரப்பில் நின்ற நைனா என்னைப் பார்க்கவில்லை. நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்று முற்றிக்கொண்டிருந்தது. நுனியில் மஞ்சள் ஏறிவிட்டது. இனிக் கணுவிட்டால் பிடுங்கி நட்டும் பயனில்லை. ஏரித் தண்ணீரில் எங்கள் முறை அன்று சாயங்காலத்தோடு முடிகிறது. ஏரித் தண்ணீரைப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டி வந்து எங்கள் வாய்க்காலை அடைத்து, தண்ணீரை அடுத்தவர் கழனிக்குத் திருப்பிவிடுவார். அதற்குள் சேறடித்தாக வேண்டும். உழ மாடும் இல்லை. இரண்டு ஜோடியையும் விற்றுத்தான் முந்தின வருஷம் இந்தப் பழைய டிராக்டரை வாங்கியிருந்தோம்.

"மாடுன்னா ஒரு அதட்டு போட்டா எழுந்துக்கும்" என்றார் சித்தப்பா. "இத்த இன்னா சொல்லிடா எழுப்புறது? சாம்பிராணி போட்டுப் பாக்கலாமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் பி.யு.சி. முடித்திருந்தேன். மின்சாரம் பற்றிக் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்துவிட்டு, வீட்டு ரேடியோவைப் பிரித்துக் கோர்த்து, கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் திரிந்த காலம். டிராக்டரில் அம்மீட்டர் என்று ஒரு சின்ன வட்டம் உண்டு. எஞ்ஜின் ஓடும்போது டைனமோ மின்சாரம் தந்து பாட்டரியை நிரப்பினால் அதன் முள் வலப்பக்கம் சாயும். உழவு ஆரம்பித்ததிலிருந்து அது நட்டநடுவில் நின்றது. பாட்டரியைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வருவேன். சேற்றில் எஞ்ஜின் திணறி அடிக்கடி நிற்கும். நாலைந்து தடவை ஸ்டார்ட் செய்தால் பாட்டரி தீர்ந்துவிடும். செங்கல்பட்டு மெக்கானிக் வண்டியைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டார்: கடலோர உப்புக்காற்றில் டைனமோ போயிருக்கும், மெட்ராஸிலிருந்து வேறு வரவேண்டும், ஒரு வாரமாகும். நாற்றுக்கு அந்த ஒரு வாரம் இல்லை.

சித்தப்பா திருப்போரூர் ரைஸ் மில்லுக்கு ஓடி, அங்கே நின்ற லாரியின் பாட்டரியைக் கெஞ்சி வாங்கிவந்தார். லாரி கிளம்புவதற்குள் திருப்பித் தரவேண்டும். இருவருமாகச் சுமந்து சேற்றில் இறங்கி இணைத்தோம். எஞ்ஜின் பிடித்துக்கொண்டது. டீசல் எஞ்ஜின், ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் அணைக்கும்வரை பாட்டரியே வேண்டாம். செத்த பாட்டரியை அதன் இடத்தில் மாட்டிவிட்டு, லாரியுடையதைச் சித்தப்பா தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.

"ஓடுது இல்ல? ஓட்டு" என்றார் நைனா.

"இன்னொரு தபா நின்னா அவ்ளோதான் நைனா. கொஞ்சம் டைம் குடு."

"தண்ணி பூடும்டா."

"தெரியும்."

அவர் வரப்பில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் அப்படி உட்கார்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எஞ்ஜினை ஓடவிட்டபடியே டைனமோ ஒயர்களைக் கழற்றி, ஒன்றாக முறுக்கி, அதற்கும் எஞ்ஜின் இரும்புக்கும் நடுவே ஒரு பல்பைப் பிடித்தேன். பளிச்சென்று எரிந்தது. டைனமோ நன்றாகத்தான் இருக்கிறது. பாட்டரிக்குப் போகும் வழியில்தான் எங்கோ அடைப்பு. வழியில் இருப்பது, டைனமோ ஓடும்போது மட்டும் அதைப் பாட்டரியோடு இணைக்கும் கட்‌அவுட் பெட்டி ஒன்றுதான். திறந்து, உள்ளே இருந்த முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, ஒயர்களைத் திரும்ப மாட்டினேன். முள் நகரவில்லை. பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. எனக்குத் தெரிந்தது அத்தனையும் தீர்ந்துவிட்டது. மதகுப் பக்கம் நீர்க்கட்டியின் மண்வெட்டி தெரிந்தது.

பின்பக்கம் ஏதாவது அறுந்திருக்குமோ என்று பெட்டியையே கழற்றினேன். அது ஒயரில் தொங்கி ஆடி, எஞ்ஜினின் ஒரு போல்ட்டில் போய் இடித்தது. முள் வலப்பக்கம் துள்ளியது. விலக்கினேன், விழுந்தது. மறுபடி தொட வைத்தேன், துள்ளியது.

பெட்டியின் முதுகு வண்டியின் வெறும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்; அந்த இரும்பு வழியாகத்தான் மின்சாரத்தின் சுற்று முழுமையாகும். அது உட்காரும் இடத்தைப் பார்த்தேன். வழவழவென்று சிவப்புப் பெயின்ட்.

உழவுக்கு முந்தின மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூச வீட்டில் மாடு இல்லை. சித்தப்பா டிராக்டருக்குப் பூசினார். ஓர் இடம் விடாமல், பெட்டியைக் கழற்றி அதற்கு அடியிலும் பூசிவிட்டு மாட்டியிருக்கிறார்.

மில்லிலிருந்து மூச்சிரைக்க வந்தவரிடம் காட்டினேன். சிவப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"மாட்டுக்கு ஒரு கொறையும் வெச்சதில்ல. இதுக்கும் வெக்கக்கூடாதுன்னுதாண்டா" என்றார். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து அவரே சுரண்டினார், இரும்பு வெளுக்கும்வரை.

பெட்டியை இறுக்கி முடித்தபோது வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது. கழனியில் தேங்கியிருந்தது மட்டும்தான் மிச்சம். ஓட்டினேன். பாதிக் கழனி முடிந்தபோது ஒரு பள்ளத்தில் எஞ்ஜின் திணறி நின்றது. ஸ்டார்ட்டரை அழுத்தினேன். இழுத்து இழுத்துப் பிடித்துக்கொண்டது. இருட்டுவதற்குள் சேறடித்து முடித்தோம்.

மறுநாள் நடவுக்கு வந்த பெண்களில் மூத்தவள் நாற்று முடி ஒன்றின் கட்டை அவிழ்த்து, நைனாவைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாண்ண, இப்டி முத்தவுட்டுட்ட? குத்துக்கு நாலஞ்சு வெச்சு நெருக்கி நட்டாதான் எதுனா தேறும்."

நெருக்கி நட்டதில் மதியத்துக்குள் நாற்று தீர்ந்துவிட்டது. கழனியில் ஒரு மூலை அப்படியே வெறும் சேறாகக் கிடந்தது. நைனா அதைப் பார்த்தார். பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மாடு கட்டி உழுது எங்களுக்கு முன்பே நடவை முடித்திருந்த பக்கத்துக் கழனிக்காரர் வீட்டை நோக்கி வரப்பில் நடந்தார். மிச்ச நாற்று இருக்குமா என்று கேட்க. அதுவரை நைனா யாரிடமும் நாற்று கேட்டுப் போனதில்லை. நானும் பின்னாலேயே போனேன்.