டிராகனுக்குக் கீழே ஆகாயம்

குவாங்சோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் குவோங் யிம்மின் பெயரைக் கூப்பிடுவது சுலபம். எழுதுவதில்தான் வம்பு. யிம் என்பதைக் குறிக்கும் அந்தச் சீன எழுத்து அலுவலகக் கணினியில் கிடையாது. அச்சடித்தால் பெயர் வரவேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம்தான் விழும்.

பஸ் கண்டக்டரான அவள் அப்பா அகராதியில் தேடிப்பிடித்த எழுத்து அது. மேலே டிராகன், கீழே ஆகாயம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இதே ஊரிலிருந்து ஆண்ட ராஜா தன் பெயருக்கென்றே இரண்டையும் சேர்த்து உண்டாக்கியது.

"ராஜா பேரைப் பொட்டப்புள்ளைக்கு வைக்கிறியாடா?" என்று பெரியப்பா கேட்டாராம்.

"அவர் போயாச்சு. எழுத்து சும்மாதானே கெடக்கு," என்றாராம் அப்பா.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எல்லாரும் சொன்னார்கள், சுலபமான எழுத்தாக மாற்றிக்கொள் என்று. யிம் மசியவில்லை. ஒவ்வொரு காகிதத்திலும் கட்டத்துக்குள் கையால் எழுதி, முத்திரை வாங்கிக்கொண்டுதான் நகர்வாள்.

போன வருஷம் துறைமுகத்தில் கிரேன் போட்டி வைத்தார்கள். நிரம்பிய தண்ணீர் வாளியைக் கொக்கியில் தொங்கவிட்டு, கம்பங்களுக்கு நடுவே சிந்தாமல் கொண்டுபோய் இறக்க வேண்டும். பதினேழு பேரில் அவள் ஒருத்திதான் பெண். சொட்டுக்கூடச் சிந்தாமல் முதலாவதாக வந்தாள்.

மேடையில் தலைமை அதிகாரி லியோங் நீட்டிய சான்றிதழில் அதே கட்டம்.

"இப்ப வாங்கிக்கம்மா. அப்புறம் பாத்துக்கலாம்," என்று முணுமுணுத்தார்.

"பதினாறு வருஷமா அப்புறம்தான் சார். பேனா குடுங்க."

மேடையிலேயே எழுதினாள். கீழேயிருந்து ஹோ என்ற கிரேன்காரன் குரல் கொடுத்தான். "யக்கா, இங்கேர்ந்து தெரியல. பெருசா எழுது."

யிம் மேடையைவிட்டு இறங்கினாள். பக்கத்தில் நின்ற கன்டெய்னரின் சுவரில் சுண்ணக்கட்டியால் ஆளுயரத்துக்கு எழுதினாள். டிராகனுக்கு ஐந்து கோடு, ஆகாயத்துக்கு நான்கு. ஒவ்வொரு கோட்டுக்கும் கூட்டம் சத்தமாக எண்ணியது. ஒன்பதாவது கோட்டைக் கீழ்வரை இழுத்து முடித்தாள். திரும்பியபோது அவள் தலை நிமிர்ந்திருந்தது.

மறுநாள் காலை பணிப்பட்டியலில் அவள் கட்டத்தை யாரோ பேனாவால் நிரப்பியிருந்தார்கள். ஆனால் ஆகாயத்தின் உச்சியில் கோடு கொஞ்சம் மேலே நீண்டு, அது 'புருஷன்' என்ற எழுத்தாகியிருந்தது. பக்கத்தில் ஹோ கையில் பேனாவோடு நின்றான்.

"ஹோ, டிராகனுக்கு அடியில புருஷனைப் போட்டு வச்சிருக்க."

"ஐயோ, திருத்திடறேன்க்கா."

"நானே திருத்திக்கறேன். நீ எழுதினியே, அது போதும்."

சிரித்தபடியே கையுறையை மாட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள்.