பெஞ்சு மேல் ஏறிய கணக்கு டீச்சர்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதுவும் முழுசாக இல்லை. ஆனால் இந்தச் சுற்று வட்டாரத்தில் முப்பத்திரண்டு பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் உட்காருகிற இரும்பு பெஞ்சு என் பட்டறையில் செய்தது. இன்றைக்கு டாக்டர், வக்கீல் என்று காரில் போகிறவர்களில் பாதிப் பேர் என் பெஞ்சைத் தேய்த்துத்தான் மேலே வந்தார்கள். சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் இங்கே எழுத வந்தது என்னைப் பற்றி இல்லை. ஒரு கணக்கு டீச்சரைப் பற்றி. அவருக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

டீச்சர் ஆள் குள்ளம். நாலே முக்கால் அடி இருந்தால் அதிகம். ஒன்பது வருடம் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டே அஞ்சல் வழியில் படித்துப் பட்டம் வாங்கியவர். வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா, கல்லூரிக்குப் போகும் தங்கை. பள்ளியில் அவருக்குத் தற்காலிக வேலைதான். வருடா வருடம் கமிட்டி கூடி, மனசு வந்தால் ஒரு வருடம் நீட்டும்.

போன வருடம் அந்தப் பள்ளிக்கு நாற்பது பெஞ்சு செய்து கொடுத்தேன். சில மாதம் கழித்துப் பழைய மேசைகளைச் சரிசெய்ய ஒரு வாரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இடது பக்கம் கணக்கு வகுப்பு, வலது பக்கம் அறிவியல் வகுப்பு. இரண்டும் காதில் விழும்.

கணக்கு டீச்சர் தினமும் போர்டில் வேண்டுமென்றே ஒரு தப்புப் போடுவார். பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டால் டீச்சர் ஒரு நிமிடம் பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டும். அதுதான் அங்கே சட்டம்.

"டீச்சர், ஆறெட்டு நாப்பத்தாறு இல்ல. நாப்பத்தெட்டு."

"நிச்சயமாவா? அப்புறம் மாத்திப் பேசக்கூடாது."

"நிச்சயம். ஏறுங்க டீச்சர்."

இவர் ஏறுவார். மொத்த வகுப்பும் டீச்சரின் தப்பைப் பிடிக்கக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு போர்டைப் பார்க்கும். ஒரு நாள், சுவர் கட்ட எத்தனை ஆள் வேண்டும் என்ற கணக்குக்கு ஒரு பெண் "மூணரை ஆளு" என்றாள். மற்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். டீச்சர் கையைத் தூக்கினார்.

"ஏன் சிரிக்கிறீங்க? அந்த அரை ஆளு நான்தான். பாத்தா தெரியல? ஆனா எனக்குச் சுவர் கட்ட வராது. என்னை விட்டுட்டு வேலையை முடிக்க வழி சொல்லுங்க."

அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, திரும்பப் போட்டாள். சரியாகப் போட்டாள். அவர் வகுப்பில் சிரிப்பெல்லாம் அவர் மேல் விழும், இல்லையென்றால் கணக்கின் மேல் விழும். பிள்ளைகள் மேல் ஒரு துளி பட்டு நான் பார்க்கவில்லை.

வலது பக்க அறிவியல் வாத்தியாரும் தற்காலிகம்தான். அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கத்திரி. பேச்சாலேயே நறுக்குவார். திக்கிப் பேசும் ஒரு பிள்ளையை எழுப்பிக் கேள்வி கேட்டார். அது முதல் எழுத்திலேயே நின்றது. "நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும். உக்காரு" என்றார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அந்தப் பிள்ளையும் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். எழுத்தின் மேல் விரல் வைத்து நான் படித்ததற்கு, "மெதுவாத் தடவுடா, புத்தகத்துக்குக் கூச்சம் வரப்போகுது" என்று ஒரு வாத்தியார் சொன்னபோது நானும் அப்படித்தான் சிரித்தேன். மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

அடுத்த மாதம் டீச்சர் ஏறி நின்றபோது பெஞ்சின் கால் ஒடிந்தது. கீழே விழுந்தவருக்குக் கை மணிக்கட்டு பிசகிவிட்டது. பிள்ளைகள் அலறியதைப் பார்த்து அவர் தரையில் கிடந்தபடியே, "இன்னிக்கு ரெண்டு தப்பு பண்ணிட்டேன் போல, தண்டனை பெரிசா வந்திருக்கு" என்றாராம். பயம் விட்டு எல்லாம் சிரித்தன. அந்த நேரம் பார்த்து ஹெட்மாஸ்டர் வாசலில் வந்து நின்றார். வகுப்பறையைக் கேலிக்கூத்தாக்கியதாக மெமோ. வேலையை நீட்டக் கமிட்டி கூடுவதற்குச் சரியாக ஒரு வாரம்.

என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். ஹெட்மாஸ்டர் அறையில் கத்திரியும் உட்கார்ந்திருந்தார்.

"மேஸ்திரி, மேல ஏறி ஆடினதாலதான் ஒடிஞ்சுதுன்னு நாலு வரி எழுதிக் குடுங்க. உங்க பேரும் கெடாது."

"என் பெஞ்சு மேல நாலு ஆளு குதிச்சாலும் ஒண்ணும் ஆகாது சார்."

கத்திரி சொன்னார்: "அந்தம்மா கனம் இல்லைய்யா. அவங்க ஜோக்குதான் கனம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் எழுந்து போய் ஒடிந்த பெஞ்சைப் புரட்டினேன். மூன்று காலில் சுற்றி வர வெல்டிங் ஓடியிருந்தது. நாலாவது காலில் இரண்டே பொட்டு. கால் நகராமல் இருக்க முதலில் இரண்டு பொட்டு வைப்போம், பிறகு முழுசாகப் பற்ற வைப்போம். இதில் பொட்டோடு விட்டு மேலே பெயின்ட் அடித்திருக்கிறது. இந்த பெஞ்சுகள் செய்த வாரம் வெல்டர் லீவு. அது என் கை. நாற்பது வருடக் கை.

நான் உண்மையை எழுதவில்லை. பொய்யையும் எழுதவில்லை. நாலு நாள் வாயை மூடிக்கொண்டு பட்டறையில் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாம் நாள் கையில் கட்டோடு டீச்சரே வந்தார்.

"ஐயா, நானும் அந்த பெஞ்சைப் புரட்டிப் பாத்தேன். மூணு காலுல ஒரு மாதிரி, நாலாவது காலுல ஒரு மாதிரி. எனக்கு இரும்பு தெரியாது, ஆனா எண்ணத் தெரியும்."

"டீச்சர், அது வந்து..."

"வரட்டும். நாலு நாளா வருது. என் வேலை போனா அது என் பாடு, திரும்பவும் பில் போடப் போவேன். இந்த மாதிரி இன்னும் எத்தனை பெஞ்சு மேல புள்ளைங்க உக்காந்திருக்குதுங்க? அதை மட்டும் சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. அந்தக் கோபம் அவர் தெருமுனை திரும்புவதற்குள் என் பக்கம் திரும்பிவிட்டது.

மறுநாள் காலை நாற்பதையும் புரட்டினேன். இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று கணக்கு வகுப்பில். ஓரத்தில் சாக்பீஸால் 'ஆடுது, உக்காராதே' என்று எழுதிப் பிள்ளைகள் சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்கள். இன்னொன்று கத்திரி வகுப்பில். அதில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்துப் பெண் ஒரு பாதத்தால் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஆறு வாரம் தாத்தா. முறை வெச்சிருக்கோம். இன்னிக்கு என் முறை."

"சார்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா குண்டுன்னு சொல்லிச் சிரிப்பாரு."

பெஞ்சைத் தோளில் தூக்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை கமிட்டி நடுவில் கொண்டுபோய்ப் போட்டேன். என் வெல்டிங்தான் காரணம் என்று என் கையாலேயே எழுதிய தாளை நீட்டினேன். ஹெட்மாஸ்டர் குனிந்து என் காதில், "யோசிச்சுக்கங்க மேஸ்திரி, அடுத்த ஆர்டர் உங்களுக்கு வராது" என்றார்.

"வேண்டாம் சார். முதல்ல இந்தத் தாளைச் சத்தமாப் படிங்க. அப்புறம் இந்த பெஞ்சுல உக்காந்த மூணு பொண்ணுங்க ஏன் சொல்லலைன்னு அறிவியல் சாரைக் கேளுங்க."

தாளைப் படித்தார்கள். மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கத்திரியை யாரும் எதுவும் கேட்கவில்லை. "அவர் வகுப்பு அமைதியா இருக்கு, நல்ல கன்ட்ரோல்" என்று ஒரு உறுப்பினர் பாராட்டினார். நான் கத்தினேன். நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார்கள்.

டீச்சருக்கு வேலை நீட்டிக் கடிதம் கொடுத்தார்கள். இனி பெஞ்சு மேல் ஏறக்கூடாது என்று அடியில் ஒரு வரி. ஒரு வருடம்தான். ஏழாவது முறையாக அதே ஒரு வருடம். கத்திரிக்கு அந்த மாதமே வேலை நிரந்தரமானது.