சேலையால் ஒரு சுவர்

போன வாரம் மருமகள் குளியலறையில் மீன் படம் போட்ட பிளாஸ்டிக் திரை ஒன்றை மாட்டினாள். "தண்ணி வெளிய தெறிக்காது மாமி" என்றாள். அந்தப் பிளாஸ்டிக் நாற்றம் மூக்கில் ஏறியதும், எனக்கு ஏனோ ஈரப் பருத்திச் சேலையின் வாசனை நினைவுக்கு வந்துவிட்டது. வயதானால் மூக்குகூடச் சொன்ன பேச்சு கேட்பதில்லை, என்ன செய்ய!

ஐம்பதுகளின் தொடக்கம். பர்மாவில் சண்டை என்று கப்பலேறி வந்த நம் ஜனங்களுக்குப் புதுவாயல் பக்கம் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். அங்கே பால் பவுடர் கரைத்துக் குழந்தைகளுக்குக் கொடுப்பது என் வேலை. முதல் வேலை அல்லவா, கலெக்டர் தோரணையில் கரண்டி பிடிப்பேன்.

எல்லாம் இருந்த அந்தக் கொட்டகையில் குளிக்க ஒரு மறைப்பு மட்டும் இல்லை. கிணறு சாலையோரத்தில். லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போவார்கள், பாவிகள். கப்பலிலேயே பிள்ளை பெற்ற செல்லம்மா அதனால் குளிக்கவே இல்லை. அழுக்கு உடம்போடு பிள்ளையை மாரில் அணைக்க மாட்டேன் என்று பிடிவாதம். நான் பால் டம்ளரை நீட்டினால், "இது எதுக்கு தங்கச்சி? ஒரு மறைப்பு குடு. குளிச்சிட்டு எம் புள்ளைக்கு நானே குடுப்பேன்" என்று அழுவாள். எனக்கும் அழுகை வரும். அதிகாரிகளைக் கேட்டால், கீற்று வரட்டும், பார்க்கலாம் என்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பழவேற்காட்டிலிருந்து என் மாமா, கைலி வியாபாரி, ஆண்களுக்கென்று ஒரு மூட்டைக் கைலி கொண்டுவந்து கொடுத்தார். நெல் வயலும் வாயும் ஒருங்கே நிறைந்த சோழவரத்து ராஜம்மா, பெண்களுக்கென்று தன் சேலைகளை அனுப்பிவைத்தார்.

மறுநாள் மாமா வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாம்மா இது? ஆம்பளைங்களுக்குக் குடுத்தா பொம்பளைங்க கட்டிக்கினு நிக்கிறாங்க!"

"ரங்கூன்ல எங்களுக்கு எப்பவும் இதுதான் பாய்" என்று சிரித்தார்கள் பெண்கள்.

சேலைகள்? மூங்கில் நட்டு, கிணற்றைச் சுற்றி இழுத்துக் கட்டியிருந்தார்கள் ஆண்கள். அரக்கும் மஞ்சளுமாகக் கல்யாணப் பந்தல் மாதிரி இருந்தது. உள்ளே செல்லம்மா.

அந்த நேரம் பார்த்தா ராஜம்மாவின் மாட்டு வண்டி வந்து நிற்க வேண்டும்! அவிழ்க்கச் சொன்னால் செல்லம்மா கதி?

"யார் பொடவைடா அது? என்துதானே? சொவரு கட்டிக்கினீங்களா?" என்றபடி சேலையை விலக்கிக்கொண்டு விடுவிடுவென்று உள்ளே போய்விட்டார். தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. பிறகு ராஜம்மாவின் குரல் கேட்டது.

"முதுக காட்டுடி. இன்னாத்த தேச்ச நீ? அழுக்கு அப்படியே கீது!"

தேய்த்ததில் அவரும் தொப்பலாக நனைந்துவிட்டார். மாற்றுச் சேலைக்கு எங்கே போவது? அவருடையதெல்லாம்தான் சுவராகிவிட்டதே. என் மாமா கொடுத்த கட்டம் போட்ட கைலி ஒன்றைக் கட்டிக்கொண்டு, மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு, ராணி மாதிரி வண்டியேறிச் சோழவரம் போனார்.

அன்று செல்லம்மாவின் பிள்ளைக்கான ஒரு டம்ளர் பால் மிஞ்சியது. அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் குடித்ததில்லை.

இப்போது அந்த இடத்தில் ஏதோ கம்பெனியின் மதில் நிற்கிறது. கிணறு இல்லை. லாரிகள் மட்டும் போகின்றன.

மருமகளிடம், "மீனு நல்லா கீதும்மா" என்று சொல்லிவிட்டு, புதுத் திரையை இழுத்துவிட்டுக் குளித்தேன். தண்ணீர் ஒரு சொட்டு வெளியே தெறிக்கவில்லை. முதுகுதான் எட்டவில்லை.