கவட்டைத் தையல்

ஆர்லெட்டா ஸ்வாஃபர்ட் இருபத்தாறு வருஷம் ஒரே ஒரு தையலைத்தான் தைத்தாள். டென்னசி மலையோரத்து ஆலையில், பட்டாளத்துக்காரன் பேண்ட்டில் இரண்டு கால்களும் சேரும் இடம் அவள் பொறுப்பு. மடித்து ரெட்டைத் தையல். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அவள் தைத்தது ஒன்றுகூடக் கிழிந்து திரும்பி வந்ததில்லை.

பிறகு எங்கே மலிவோ அங்கே வேலையை அனுப்பிவிட்டார்கள். ஆலை இருந்த இடத்தில் இப்போது டயர் கடை. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அவள் மகன் டார்வின் பட்டாளத்தில் சேர்ந்து, ஆப்கானிஸ்தானிலிருந்து போன் பண்ணினானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"மூணே சலவைம்மா. குனிஞ்சா டர்ருன்னு போயிடுது. டேப்பு ஒட்டித்தான் காவலுக்கு நிக்கிறோம்."

"ஒத்தைத் தையல்தானே போட்டிருக்கான்? படுபாவி."

பேண்ட் கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்தவன் தன் பெயர் கெவின் என்றான். இங்கே சாயங்காலம் ஐந்து மணி. கெவினுக்குப் பின்னால் சேவல் கூவியது.

"பேண்ட்ட அணைச்சுட்டு மறுபடியும் போட்டுப் பாத்தீங்களா மேடம்?"

பாவம், யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறான். நாலு மாதத்தில் பதினேழு கெவின்கள். ஒருவனுக்கும் கவட்டை என்றால் என்னவென்று தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் நகரத்து பேஸ்பால் அணி, பட்டாள வீரர்களுக்கு மரியாதை செய்யும் நாள் கொண்டாடியது. உண்மையான வீரர்கள் ஊரில் இல்லாததால் ஆர்லெட்டா உள்பட அவர்களுடைய தாய்மார்களைக் கூப்பிட்டு மைதானத்தில் வரிசையாக நிற்க வைத்தார்கள். ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாகப் பட்டாள உடுப்பு. பந்து வீச வந்தவன் கேட் ரட்லெட்ஜ். அவன் ஒரு பந்துக்கு வாங்குவதை ஆர்லெட்டா ஒரு வருஷம் தைத்தாலும் பார்க்க முடியாது. கட்டைவிரல் நகம் பிளந்துவிட்டது என்று மூன்று வாரம் படுத்திருந்துவிட்டு அன்றைக்குத்தான் வந்திருந்தான்.

காலைத் தூக்கினான். டர்ர்.

அணி மேலாளர் ஓடி வந்தார். "யார்கிட்டயாவது ஊசி இருக்கா?"

ஆர்லெட்டாவின் கைப்பையில் ஊசி இல்லாத நாள் ஏது? உள்ளே கூட்டிப்போனார்கள்.

"சீக்கிரம் மேடம், நாப்பதாயிரம் பேரு காத்திருக்காங்க" என்றான் ரட்லெட்ஜ்.

"என் புள்ள நாலு மாசமா காத்திருக்கான். அசையாம நில்லு. ஊசி எங்க இருக்குன்னு நெனப்பு வச்சுக்கோ."

அவன் மூச்சுகூட விடவில்லை.

"மைக்க நீட்டுவாங்கள்ல, ஒரு வார்த்தை சொல்லுப்பா. பட்டாளத்துப் பசங்க பேண்ட்டும் இதே எடத்துல கிழியுது, ரெட்டைத் தையல் போடுங்கன்னு சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

"கண்டிப்பா மேடம்."

மைக்கை நீட்டினார்கள். ரட்லெட்ஜ் நெஞ்சில் கை வைத்தான். "நம்ம வீரர்கள் படுற கஷ்டம் என்னன்னு இன்னைக்கு எனக்குப் புரிஞ்சுது." அவ்வளவுதான். தையல் என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லை. நாற்பதாயிரம் பேரும் எழுந்து கைதட்டினார்கள். பக்கத்தில் நின்ற தாய் ஒருத்தி அழுதாள்.

மூன்று நாள் டிவியில் அந்தக் கிழிசல்தான். அணிக்கு உடுப்புத் தைத்த கம்பெனி மன்னிப்புக் கேட்டது. ஒரே வாரத்தில் அணி முழுவதற்கும் ரெட்டைத் தையல் போட்ட பேண்ட் வந்து இறங்கியது.

டார்வின் போன் பண்ணினான். "வீடியோ பாத்தோம்மா. முகாமே உருண்டு உருண்டு சிரிச்சுது. அவன் திரும்பி நின்னப்பவே உன் தையல்னு கண்டுபிடிச்சுட்டேன்."

"உன் பேண்ட்டு?"

"அப்படியேதான் இருக்கு. டேப்பும் தீந்துபோச்சு. கொஞ்சம் நூல் அனுப்பேன்."

"எத்தனை பேருக்குடா?"

"முப்பத்தெட்டு."

நூல்கண்டுகளோடு முப்பத்தெட்டு ஊசிகளும் வைத்தாள். ரெட்டைத் தையல் எப்படிப் போடுவது என்று ஒரு தாளில் படம் வரைந்தாள். பெட்டியைக் கட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. மலிவான ஆளைத் தேடித் தேடி அலைந்த அவளுடைய வேலை, கடைசியில் துப்பாக்கி பிடித்திருக்கிற அவள் மகனிடமே போய்ச் சேர்ந்துவிட்டது. அவன் சும்மாவே தைப்பான்.