முருங்கைக்காய்க்குத் தண்ணீர் தெளித்தவர்

அன்று ஒட்டன்சத்திரம் சந்தையில், காய் விற்றுத் தரும் கமிஷன் கடை ஒன்றின் முன்னால், கடைக்காரர், சுமை தூக்குகிற நால்வர், கேரளா லாரி டிரைவர், என் முருங்கைக்காயோடு நான், ஆக ஏழு பேர் இருந்தோம். கட்டுக்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்டுத் தூக்குகிறவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கடைக்காரர் இறங்கி வரவில்லை. வெயிலில் காய் வாடத் தொடங்கியது. தூக்குகிறவர்களில் நரைத்த மீசைக்காரர் மட்டும் எழுந்து எழுந்து போய் என் கட்டுகள் மேல் தண்ணீர் தெளித்தார்.

“ஏனுங்க, தூக்க மாட்டேங்கறீங்க, தண்ணி மட்டும் எதுக்கு?” என்றேன்.

“சண்டை கூலிக்குத்தானுங்க. காய் கெட்டா நாளைக்கு லாரியே வராது. அப்பறம் யாருகிட்டச் சண்டை போடறது?”

காலி லாரியோடு போய்விடுவதாக டிரைவர் வண்டியைக் கிளப்பியதும், கட்டுக்கு ஒரு ரூபாய் என்று பேச்சு முடிந்தது. அந்த ரூபாயைக் கடைக்காரர் என் கணக்கில் கழித்தார். மீசைக்காரர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, கட்டைத் தோளில் ஏற்றினார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, ஏனென்று தெரியவில்லை. கழித்தது போகக் கடைக்காரர் எனக்குத் தர வேண்டிய இரண்டாயிரத்து நானூறு ரூபாய் இன்னும் வரவில்லை.