அம்சவள்ளி போட்ட முடிச்சுகள்

கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு மறு நுனியை இழுத்து இறுக்குகிறார் வீரமுத்து. கரும்புக் கொல்லைக்குள் காட்டுப்பன்றி புகுந்து, வரப்போர வரிசையை மென்று துப்பிவிட்டுப் போயிருக்கிறது. அந்தச் சேதிக்குத்தான் இந்த முடிச்சு. ஞாயிற்றுக்கிழமை மகள் அருள்மொழி சென்னையிலிருந்து போன் செய்வாள். அதற்குள் மறந்துபோகுமே!

கச்சிராயபாளையத்தில் அவரை அறியாதவர்கள் கிடையாது. அவரோடு உட்கார்ந்து பேசுகிறவர்கள்தான் கிடையாது. எதிராளி வாயைத் திறப்பதற்குள், "அத்த வுடு, நான் சொல்றத கேளு" என்று ஆரம்பித்துவிடுவார். டீக்கடையில் அவர் தலை தெரிந்தால் பாதிப் பேருக்கு அவசர வேலை வந்துவிடும். பாவம், டீ போடுகிறவர் மட்டும் எங்கே போவார்?

வாசக்கால் ஆணியில் தொங்கும் அந்தக் கயிறு அவருடையது அல்ல, மனைவி அம்சவள்ளியுடையது. கணவனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் பகலில் முடிச்சாகப் போட்டு வைப்பாள். சோறு போடும்போது ஒவ்வொன்றாகச் சொல்லி அவிழ்ப்பாள். சொல்லாத முடிச்சை அவிழ்க்க மாட்டாள், அதில் அப்படியொரு பிடிவாதம். ஒற்றை முடிச்சு, இரட்டை முடிச்சு, சேலை நூல் வைத்துச் சுற்றியது என்று தினுசு தினுசாகப் போடுவாள். எது எதற்கென்று வீரமுத்து கேட்டதே இல்லை. டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். "அப்பறம் சொல்லும்மே" என்பார். அவளும் கயிற்றைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு ரசம் ஊற்றுவாள்.

போன வருஷம் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் அங்கேயே சாய்ந்துவிட்டாள். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் பஸ் ஏறிய பிறகுதான் அவர் கண்ணில் அந்த ஆணி பட்டது. கயிற்றில் சில முடிச்சுகள் அவிழாமல் இருந்தன. அவரிடம் சொல்வதற்காக வைத்திருந்தவை. இன்றைக்கு அதில் ஒன்று என்னவென்று தெரிந்தால் போதும், கொல்லையையே எழுதிக் கொடுத்துவிடுவார்.

அவற்றுக்குக் கீழேதான் இவர் தன் முடிச்சுகளைப் போடுகிறார். இவருக்குத் தெரிந்தது மாடு கட்டுகிற முடிச்சு ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. பன்றி வந்ததைச் சொல்லி ஒன்றை அவிழ்த்தார். பசு சினை பிடித்ததைச் சொல்லி ஒன்று. கோமுகி அணையில் தண்ணீர் திறந்ததைச் சொல்லி இன்னொன்று. அருள்மொழிக்குச் சிரிப்பு வந்தது.

"யப்பா, உன்ன மாதிரியே ஆளுங்க இருந்துக்கினு இருந்தாங்களாம்ப்பா. தென்னமெரிக்காவுல இன்கான்னு ஒரு ராஜாங்கம். நம்மள மாதிரி எழுத்து கெடையாது. கணக்கு வழக்கெல்லாம் கயித்து முடிச்சுலதான்."

"அப்ப நானும் ராஜான்னு சொல்லு."

"கேளுப்பா. எண்ணிக்க போட்ட முடிச்ச படிச்சிட்டாங்க. கதை, சேதி சொல்ற முடிச்சும் இருக்கும்ங்கறாங்க. அதான் இன்னும் யாருக்கும் படிக்கத் தெரியல."

"இன்னாம்மா இது அநியாயம்! முடிச்சு போட்டவங்க உசுரோட இருக்கசொல்லவே கூட இருந்தவனுங்க கேட்டு வச்சிக்க வேணாம்? வாயில இன்னா கொழுக்கட்டயா?"

சொன்னவரின் விரல், கயிற்றில் மேலே அவிழாமல் கிடந்த முடிச்சுகளில் போய் நின்றது. மகள்தான் மெதுவாகப் பேசினாள்.

"அம்மா கயித்த எடுத்து உள்ள வையேம்ப்பா. பாக்கசொல்லல்லாம் உனுக்குக் கஷ்டம்."

"இருக்கட்டும்மா. அவ இன்னும் சொல்லி முடிக்கல."

போனை வைத்தார். டிவியில் யாரோ யாரையோ பேசவிடாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். எழுந்துபோய் அதை நிறுத்தினார். கயிற்றை ஆணியிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, சேலை நூல் சுற்றிய முடிச்சை இரண்டு விரலால் பிடித்தார்.

"ம்... இப்ப சொல்லும்மே."

அதன் பிறகு வாயே திறக்காமல், தலையைக் கொஞ்சம் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தார்.