வெள்ளத்தாய் கேட்ட கேள்வி

வெள்ளத்தாயின் இடது மணிக்கட்டைப் போலீஸ் தடி உடைத்தது. அவர் எதையும் திருடவில்லை. திருடியதாக எழுதிய தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

அவர் இறந்துவிட்டார் என்று சென்ற செவ்வாய்க்கிழமை சிலமலை பஸ்சில் வந்தவர்கள் போடியில் என்னிடம் சொன்னார்கள். மஞ்சள் காமாலையாம். கருமாதி நோட்டீசில் போட, பொறுமைசாலி என்று நாலு வரி எழுதச் சொல்கிறார்கள். அவர் பொறுமைசாலி அல்ல. நடந்ததை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் நான் மேஸ்திரி. அவர் அங்கே காய் எடுக்க வருவார். சாயங்காலம் கீழே இறங்கும்போது, காலனிப் பெண்கள் வரும் ஜீப்பை மட்டும் போலீஸ் சாவடியில் நிறுத்தி மடியை உதறச் சொல்வார்கள். தோட்டங்களில் காய் களவு போனது உண்மைதான். அன்று வெள்ளத்தாயின் மடியில் ஒன்றும் இல்லை. ஆனால் மழைக்குத் தலையில் போடும் சாக்குக் கொங்காணியில் ஏலக்காய் வாசனை அடித்தது. காயை எங்கே வீசினாய் என்று கேட்டு இழுத்துப் போனார்கள். அதே ஜீப்பின் முன் சீட்டில் இருந்த என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள். வாசனை அடித்தது உண்மைதானே என்று கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலனி சனம் ரோட்டில் உட்கார்ந்தது. ஜாமீனில் வந்த வெள்ளத்தாய் வீட்டுக்குப் போகாமல் அவர்களோடு உட்கார்ந்தார். தடி அப்போதுதான் விழுந்தது.

சில வாரம் கழித்து எங்கள் படிப்பகத்தில் அந்த மறியல் சரியா என்று விவாதம் வைத்தார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். படிப்பகத்துப் பேப்பரைப் படித்தே பேசக் கற்றவன். போலீஸ் கடமையைச் செய்தது, தப்புச் செய்யாதவர் உதறிக் காட்டிவிட்டுப் போகலாமே, ரோட்டை மறித்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் என்ன செய்வான் என்று வெளுத்து வாங்கினேன். எதிர்த்துப் பேச வேண்டிய தொழிலாளர் சங்கத்துக்காரர் வரவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து மாவுக்கட்டுப் போட்ட கையோடு வெள்ளத்தாய் எழுந்தார். மலையில் என்னை ஐயா என்பவர், அன்று அண்ணே என்றார்.

"அண்ணே, ஒங்க துண்ட மோந்து பாருங்க."

சிரித்தார்கள். நான் மோந்து பார்க்கவில்லை. பச்சைக் காயை உலர்த்தும் ஸ்டோரில் நாள் முழுக்க நிற்கிறவனின் துண்டு எப்படி மணக்கும் என்று எனக்குத் தெரியும்.

"முன் சீட்டுல உக்காந்தா வாசன வராதோ? ஒங்கள ஒரு நாளாச்சும் எறங்கச் சொன்னாகளா?"

அது விவாதத்தின் பொருளே அல்ல என்றேன். நடுவர் ஒப்புக்கொண்டார். ஜெயித்தவன் என்று படிப்பகத்து நோட்டில் என் பெயரை எழுதினார்கள்.

அவர் சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான் அடுத்த வாரம் சட்டைப் பையில் ஒரு கை பச்சைக் காயைப் போட்டுக்கொண்டு, ஜீப்பின் பின்னால் பெண்களோடு ஏறினேன். சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என்னைப் பார்த்த காவலர், "என்னண்ணே, முன்னால எடமில்லையா?" என்று உட்கார ஸ்டூலைக் காட்டினார். என்னையும் சோதியுங்கள் என்றேன். சிரித்தார். பையிலிருந்த காயை அவர் மேசையில் கொட்டினேன்.

"வீட்டுல பாயசமா? அள்ளிக்கிட்டுப் போங்கண்ணே."

பக்கத்தில் ஒரு பெண் இரண்டாம் முறையாக மடியை உதறிக்கொண்டிருந்தார். காயை அள்ள எனக்குக் கை வரவில்லை. இந்த நியாயத்தை இந்த மேசையில்தான் கேட்க வேண்டும் என்றால், ரோட்டில் உட்காராமல் வேறு என்ன செய்வார்கள் என்று அங்கேதான் எனக்கு உறைத்தது.

வழக்கு வந்தபோது கோர்ட்டில் சொன்னேன்: வாசனை அடித்தது உண்மை, என் துண்டிலும் அடித்தது, என் பையில் காயே இருந்தது. வழக்கு தள்ளுபடியானது. என் வேலை போனது. கோர்ட் படியில் வெள்ளத்தாய், "இத அன்னைக்கே சொல்லியிருந்தா என் கையாச்சும் மிஞ்சியிருக்கும்" என்றார். நன்றி சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

கை சரியாகக் கூடவில்லை. அதற்குப் பிறகு ஒற்றைக் கையால் காய் எடுத்தார். பஸ்சிலும் சந்தையிலும் பார்க்கும்போதெல்லாம் என்னோடு வாதாடுவார். "தோத்தேங்கிற வார்த்த மட்டும் ஒங்க வாயில வராதுண்ணே" என்பார். வரவில்லை. கோர்ட்டில் உண்மையைச் சொன்ன நான், யார் என் மனதை மாற்றியது என்பதை அவரிடம் ஒரு நாளும் சொல்லவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். யாரையெல்லாம் பிடித்தார்கள் என்று பேப்பரில் படிக்கும்போது, யாரை இறங்கச் சொல்லவில்லை என்று தேடுகிறேன்.

செய்ய வேண்டியவை பாக்கி இருக்கின்றன. சாவடியில் சோதிப்பவர்கள் எல்லா சீட்டையும் சோதிக்க வேண்டும். பெண்களைப் பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும். களவுப் புகார் கொடுக்கும் முதலாளிகள் ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும், ஒரு தெருவின் பெயரை அல்ல. தடியெடுக்க உத்தரவிட்ட அதிகாரி, செய்தது தவறு என்று எழுதி அவர் மகளின் கையில் கொடுக்க வேண்டும். படிப்பகச் செயலாளர் நோட்டில் என் பெயரை அடித்துவிட்டு அவர் பெயரை எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை கருமாதி. நான் காலனிக்குப் போய், அத்தனை பேர் முன்னாலும், தோற்றேன் என்று சொல்ல வேண்டும்.